மாமா மாட்டிய இரண்டாவது டிஸ்க்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் அன்றைக்கு மழை கொட்டும் என்பாள் அக்கா. கொட்டட்டும். இன்றைக்குச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் எடுத்த எடுப்பிலேயே நல்லதற்குப் போனால் அவரைப் பற்றிச் சொன்ன மாதிரியே இருக்காது. முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன்.

மாமா பேசமாட்டார். அவ்வளவுதான் குறை, ஆனால் அது ஒன்றே ஒன்பதுக்குச் சமம். லிஃப்ட் மெக்கானிக் வேலை. லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டு அலறினால் இவர்தான் போவார். வெளியே இருந்து ‘பயப்படாதீங்க, வந்துட்டோம்’ என்று ஒரு குரல் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கொடுக்கமாட்டார். சத்தமில்லாமல் கதவை நெம்பித் திறந்து, முகத்தைக் காட்டி, “வாங்க” என்பார். உள்ளே இருப்பவர்களுக்கு அப்போதுதான் உண்மையான பயம் வரும். கூட வேலை செய்பவர்கள் அவருக்குக் கல்லுளிமங்கன் என்று பேர் வைத்திருந்தார்கள். பேர் வைத்தது தெரிந்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நிறைகுடம் தளும்பாது என்று அக்கா முட்டுக்கொடுப்பாள். குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தவர்கள் யாருமில்லை என்பது என் கட்சி.

அக்கா நேர் எதிர். தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பேர். பால் வாங்கப் போனால் பால்காரரின் சம்பந்தி வீட்டு விவரம் வரைக்கும் தெரிந்துகொண்டுதான் திரும்புவாள். நல்ல குரல், அதையும் சொல்லவேண்டும். கணீரென்று இருக்கும், ஆனால் காதில் இடிக்காது. அந்தக் குரலை ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தினாள். பார்வை இல்லாதவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பாள். அவர்கள் வீட்டுச் சின்ன அறையில் சுவரெல்லாம் பழைய போர்வை தொங்கும், வெளிச் சத்தம் உள்ளே வராமல் இருக்க. நடுவில் மேஜை, ஒரு மைக், ஒரு பழைய கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்க ஆரம்பித்தபோது மாமாவின் கம்பெனி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவர் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக்கொடுத்தார். அதுமுதல் அது நன்றாகவே ஓடியது. மாமாவும் அவரிடம் நாலைந்து கட்டளைகள் கற்றுக்கொண்டார். வாயைத் திறக்காமல் விரலால் தட்டினாலே வேலை நடக்கிறது என்பதால் அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

அந்த வருஷம் அக்கா வாசித்துக்கொண்டிருந்தது ஒரு சட்டப் புத்தகம். தலையணைத் தடிமன். ஆஸ்பத்திரி டெலிபோனில் உட்காரும் ஒரு அம்மாவுக்காக. பிறவியிலேயே பார்வை இல்லை. துறைத் தேர்வு எழுதினால் மேல் வேலைக்குப் போகலாம், அதற்கு இந்தப் புத்தகம் வேண்டும். அக்கா ஆரம்பித்துப் பாதி வாசித்தபோது தொண்டை கமற ஆரம்பித்தது. டாக்டரிடம் காட்டினால், குரல்நாணில் ஒரு சதை வளர்ச்சி, எடுத்துவிட வேண்டும் என்றார்.

“பயப்படற மாதிரி இல்ல. ஆனா குரல் பழையபடியே வரும்னு நான் வாக்கு குடுக்க முடியாது” என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா டாக்டரைப் பார்த்து, “அப்ப புத்தகத்தை முடிச்சிட்டு வந்துடறேங்க” என்றாள்.

அதற்கப்புறம் காலையும் மாலையும் அந்தப் போர்வை அறையில்தான் இருந்தாள். வெந்நீர் குடிப்பாள், வாசிப்பாள், நிறுத்துவாள், மறுபடி வாசிப்பாள். முடித்ததும் மொத்தமாக அனுப்பலாம் என்று எல்லாம் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. கடைசி இரண்டு அத்தியாயம் பாக்கி இருக்கும்போது கம்ப்யூட்டர் இடமில்லை என்று சொல்லிவிட்டது. டிஸ்க் நிறைந்துவிட்டது. மாமா அன்றே போய் இரண்டாவதாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவந்தார்.

மறுநாள் ஆபரேஷன். அதற்கு முந்தைய பரிசோதனைக்கு அன்று நான் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நாங்கள் திரும்பி வருவதற்குள் டிஸ்க்கை மாட்டி வைத்துவிட்டால் அன்று சாயங்காலமே பாக்கியை வாசித்துவிடலாம் என்பது மாமாவின் கணக்கு. நல்ல கணக்குதான்.

புது டிஸ்க்கில் அப்படியே எதையும் எழுத முடியாது. முதலில் அதைப் பகுதி பிரித்து, ஃபார்மட் செய்ய வேண்டும். ஃபார்மட் என்றால் அதில் இருப்பதெல்லாம் அழியும். ஆகவே எது பழையது, எது புதியது என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். மாமா பார்த்தார். அளவை வைத்துப் பார்த்தார், பெயரை வைத்துப் பார்த்தார், காகிதத்தில் எழுதி வைத்துப் பார்த்தார். சரியான டிஸ்க்கைத்தான் ஃபார்மட் செய்தார். அதுவரை ஒரு தப்பும் இல்லை.

தப்பு அதற்கடுத்த படியில். லினக்ஸில் புது டிஸ்க் தானாக வந்து உட்காராது. ஏதாவது ஒரு ஃபோல்டரைக் காட்டி, இதுதான் உன் இடம், இங்கே உட்கார் என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் மவுண்ட் செய்வது என்று பேர். காலியாக ஒரு ஃபோல்டர் போட்டு அதைக் காட்டுவார்கள் எல்லோரும். மாமா யோசித்தார். இடம் போதவில்லை என்று சொன்னது அக்காவின் ‘பதிவுகள்’ ஃபோல்டர். அப்படியானால் இடத்தை அதற்குத்தானே கொடுக்க வேண்டும்? மாடி மேல் மாடி எழுப்பி லிஃப்டை நீட்டுகிறவருக்கு வேறெப்படித் தோன்றும்! புது டிஸ்க்கை அந்த ஃபோல்டரிலேயே உட்கார்த்தினார்.

நாங்கள் வந்தபோது மனிதர் பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தார். திரையில் ‘பதிவுகள்’ திறந்திருந்தது. அக்கா வாசித்த ஒரு அத்தியாயம்கூட அதில் இல்லை. ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’, அதாவது தொலைந்ததும் கிடைத்ததும், என்று பேர் போட்ட ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் இருந்தது. ஃபார்மட் செய்த எந்தப் புது டிஸ்க்கிலும் அது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். அதைத் திறக்கக்கூட விடவில்லை. தொலைத்த வீட்டில் வந்து நையாண்டி செய்கிற விருந்தாளி மாதிரி இருந்தது எனக்கு.

“எல்லாம் போச்சு” என்றார் மாமா.

கம்ப்யூட்டர்காரருக்கு ஏற்கெனவே போன் செய்திருந்தார். அந்த உரையாடல் என்ன என்று பின்னால்தான் தெரிந்தது. “ஃபார்மட் பண்ணேன். எல்லாம் போச்சு” என்றிருக்கிறார் இவர். “ஃபார்மட் பண்ணா போகத்தான் செய்யும். காப்பி வெச்சிருக்கீங்களா?” என்றிருக்கிறார் அவர். “இல்ல.” “அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுங்க.” முடிந்தது. எந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தேன், எந்த ஃபோல்டரில் மவுண்ட் செய்தேன் என்று கூட இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நான் விடுவேனா? “மாமா, நாளைக்கு அவ தொண்டையில கத்தி வைக்கப் போறாங்க. அவ குரல் இருந்தது இதுல மட்டும்தான். அதையும் துடைச்சுட்டு உக்காந்திருக்கீங்களே!” என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா காலி ஃபோல்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எதற்கும் பதில் வைத்திருக்கிற ரேடியோ அன்றைக்கு, “சரி, விடுங்க. சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் சொல்லும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று உத்தரவு. வீட்டுக்கு வந்ததும் அக்கா ஒரு சிலேட்டை எடுத்து முதலில் எழுதியது, ‘டெலிபோன் அம்மா புத்தகம்?’ என்பதுதான். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

முதலில் நான்தான் மைக் முன்னால் உட்கார்ந்தேன். எனக்கு வேலை மருந்துக்கடையில், கவுண்டரில் நின்று கத்தியே பழகிய குரல். முதல் பக்கத்தை டெலிபோன் அம்மாவுக்கு அனுப்பினோம். “நல்லா இருக்கும்மா. ஆனா என்னோட சண்டைக்கு வர்ற மாதிரியே இருக்கு” என்று தன்மையாகச் சொன்னார். என் பணி அத்துடன் நிறைவடைந்தது.

மறுநாள் நான் போனபோது போர்வை அறையிலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தால் மாமா. புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மீட்டரில் எண் பார்த்துச் சொல்வது போல வாசித்துக்கொண்டிருந்தார். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ஒரு தூக்கம் போட்டு எழலாம். பக்கத்தில் அக்கா. தப்பாக வாசித்தால் அவர் முழங்காலில் தட்டுவாள். அவர் வரியின் தொடக்கத்துக்குப் போவார். குருவி தலையில் பனங்காய்தான், ஆனால் குருவி இறக்கிவைக்கவில்லை. வேலைக்குப் போகும் முன்னாலும் வந்த பின்னாலும் வாசித்தார். நான் எத்தனையோ முறை, ‘இதுக்கு உங்க லிஃப்டையே வாசிக்கச் சொல்லலாம் மாமா’ என்று சீண்டினேன். அவர் வாசிப்பதை நிறுத்தவே இல்லை.

டெலிபோன் அம்மாவுக்கு முதல் அத்தியாயம் போனதும் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டோம்.

“அண்ணே, ரொம்பப் புண்ணியம் உங்களுக்கு. நாங்க எல்லாத்தையும் வேகத்தைக் கூட்டி வெச்சுத்தான் கேப்போம். உங்களை மட்டும் இன்னும் கூட்டி வெச்சிருக்கேன். அப்பத்தான் நீங்க மனுஷன் மாதிரி பேசறீங்க.”

அக்கா சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தாள். சிரிக்கவும் கூடாது என்று நான் அதட்டினேன்.

“இன்னொண்ணு அண்ணே. நடுநடுவுல ‘முழுங்கும்போது வலிக்குதா’ன்னு கேக்கறீங்க. நானும் என்னை மறந்து ‘இல்ல’ன்னு சொல்லிடறேன். அதை மட்டும் வெட்டிட்டு அனுப்புங்க.”

மாமாவின் காது சிவந்தது. வாசிக்கும்போது அக்கா முகம் சுளித்தால் அவருக்குப் பதிவு ஓடுவது மறந்துவிடும். ‘பிரிவு பன்னிரண்டு, உட்பிரிவு ஆ, மேற்படி அலுவலர், தண்ணி வேணுமா?’ என்று போகும். அதன் பிறகு அந்த இடங்களையெல்லாம் வெட்டி நகல் எடுத்து, நகலை மட்டும் அனுப்பினார். வெட்டாத மூலம் எல்லாம் டிஸ்க்கில் அப்படியே கிடந்தது.

அந்தக் கம்ப்யூட்டரை மாமா அணைக்கவே இல்லை. ஒரு தடவை தொட்டு எல்லாம் போனது போதும் என்று பயம். லிஃப்ட் வேலை நடக்கும்போது மெயின் ஸ்விட்சில் தொங்கவிடும் சிவப்பு அட்டை ஒன்று, ‘ஆள் வேலை செய்கிறார், தொடாதே’ என்று இருக்கும். அதைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் ஸ்விட்சில் மாட்டிவைத்தார். வீட்டைப் பெருக்குவதற்குக்கூட எனக்குப் பயமாக இருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் அவ்வப்போது, முதல் டிஸ்க்கில் இடமில்லை, இடமில்லை என்று புலம்பிக்கொண்டே இருந்தது. எல்லாம் அழிந்துபோன டிஸ்க்கில் இடமில்லாமல் எப்படிப் போகும் என்று வீட்டிலிருந்த மூன்று தலைகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை.

டாக்டர் பேசலாம் என்று சொன்ன அன்று நான் கூட இருந்தேன். அக்கா வாயைத் திறந்து, “ஏங்க” என்றாள். அது அவள் குரல் இல்லை. உள்ளே மணல் கொட்டின மாதிரி ஒரு கரகரப்பு. போகப் போகக் கொஞ்சம் தெளியும், ஆனால் பழையது வராது, நீளமாக வாசிக்கவும் முடியாது என்றார் டாக்டர். அக்கா தலையாட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். தொலைத்தது எது என்று அவருக்கு அன்றுதான் முழுசாகத் தெரிந்தது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த வண்டியிலேயே இறங்கிப்போய்விட்டது. பாவம், அந்த முதுகைப் பார்க்க முடியவில்லை.

புத்தகத்தை மாமாவே முடித்தார். டெலிபோன் அம்மாவுக்குக் கடைசி அத்தியாயமும் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெரு முழுக்கக் கரண்ட் போனது. சிவப்பு அட்டைக்கெல்லாம் கரண்ட் பயப்படுமா? கரண்ட் வந்ததும் அக்கா கம்ப்யூட்டரைப் போட்டாள். மாமா சமையலறையில் குழாய் மாற்றிக்கொண்டிருந்தார். நான் அவருக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று அறையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. கரகரப்புக் குரல் இல்லை. கணீரென்று, பழைய குரல். ‘அத்தியாயம் ஒன்று. முன்னுரை.’

மாமா கையிலிருந்த ஸ்பேனர் தரையில் விழுந்தது. ஓடினார். நானும் ஓடினேன். திரையில் ‘பதிவுகள்’ திறந்திருந்தது. அக்கா வாசித்த அத்தியாயங்கள் ஒன்றுவிடாமல் வரிசையாக நின்றன. மாமா மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் சரிந்தார். “உன் குரல்” என்றார். “உன் குரல் வந்திருச்சு.” அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். துண்டை எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதார்.

அக்கா அழவில்லை. சிரிக்கவும் இல்லை. மௌஸை மேலும் கீழும் உருட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவள் முகம்தான் இப்போது பேயறைந்த மாதிரி இருந்தது.

“என்னுது கெடக்கட்டும்ங்க” என்றாள் கரகரவென்று. “உங்களுது எங்க?”

அப்போதுதான் பார்த்தோம். மாமா வாசித்தது ஒன்றுகூட இல்லை.

“அது போனா என்ன? அந்தம்மாவுக்குத்தான் அனுப்பியாச்சே” என்றார் மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டே.

“அனுப்பினது வெட்டினது. எனக்கு வெட்டாதது வேணும். உங்க ஆளுக்குப் போன் போடுங்க. இந்த வாட்டி வாயைத் திறந்து எல்லாத்தையும் சொல்லுங்க.”

சொன்னார். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து, எந்த டிஸ்க், எந்தக் கட்டளை, எந்த ஃபோல்டர் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பக்கம் கம்ப்யூட்டர்காரர் சிரிக்க ஆரம்பித்தார்.

“அண்ணே, நீங்க எதையுமே அழிக்கல. பழைய டிஸ்க்கை அழிச்சிருந்தா கம்ப்யூட்டரே எழுந்திருக்காதே! மெத்தையில ஒரு விரிப்பு இருக்கு, அதுமேல இன்னொரு விரிப்பைப் போட்டுட்டீங்க. அவ்வளவுதான். அடியில இருக்கறது கண்ணுக்குத் தெரியாது, ஆனா எங்கயும் போகாது. கம்ப்யூட்டர் அணைஞ்சு எழுந்ததும் மேல் விரிப்பு விலகிடுச்சு. தினமும் தானா போட்டுக்கன்னு நீங்க எழுதி வைக்கலையே!”

மாமா மறுபடி டிஸ்க்கை அங்கேயே மவுண்ட் செய்தார். மாமா வந்தார், அக்கா போய்விட்டாள். கழற்றினார். அக்கா வந்தாள், மாமா போய்விட்டார். போடுவதும் எடுப்பதுமாக நம்பிக்கை வராமல் செய்துகொண்டே இருந்தார். “இத்தனை வருஷமா இந்த வீட்டுல நடக்கறது இதுதானே, ஒருத்தர் பேசினா ஒருத்தர் காணாமப் போயிடுவீங்க” என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கம்ப்யூட்டர்காரர் சொல்லச் சொல்ல, காலியாகப் புது ஃபோல்டர் ஒன்று போட்டு, புது டிஸ்க்கை அதில் உட்கார்த்தி, இனி கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் தானாக அங்கே வந்து உட்காரும்படி அதற்கான கோப்பில் ஒரு வரி எழுதினார். இப்போது இரண்டு ஃபோல்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அக்கா தன்னுடையதைத் திறக்கவில்லை. மாமாவுடையதைத் திறந்து ஒன்றைப் போட்டாள். ‘மேற்படி மேல்முறையீட்டை... கண்ணை மூடிக்கோ. நான் தப்பா படிச்சாலும் பரவால்ல, நீ கொஞ்சம் தூங்கு... மேல்முறையீட்டை விசாரிக்கும் அதிகாரி’ என்று போனது.

“எதுக்குக்கா இதெல்லாம் உனக்கு?” என்று கேட்டேன். குரலைப் பறிகொடுத்தவள், அது திரும்பக் கிடைத்த நாளில் இப்படி இருக்கிறாளே என்று எனக்கு ஆற்றாமை.

“என் குரலை நான் பொறந்ததுலேர்ந்து கேக்கறேன் டீ” என்றாள். “இந்த மனுஷன் என்கிட்ட பேசினது மொத்தமும் இதுலதான் இருக்கு.”

மாமா திரும்பி அவளைப் பார்த்தார். அவ்வளவு வருஷம் கூட வாழ்ந்த பெண்ணிடம் தான் என்ன பாக்கி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது போல, கை அந்தரத்தில் நின்றது. பேச வேண்டும் என்று அவருக்கு ஆசை. பழக்கமில்லாததால் வார்த்தை வரவில்லை. நாலு பக்கமும் பார்த்தார். புது டிஸ்க்கின் அட்டைப்பெட்டி மேஜைக்கடியில் கிடந்தது. அதற்குள்ளிருந்து உத்தரவாதத் தாளை எடுத்துப் பிரித்தார். மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

“இந்தச் சாதனத்தை... ஈரமான இடத்தில்... வைக்கக்கூடாது” என்று வாசிக்க ஆரம்பித்தார்.

அக்கா பதிவுப் பொத்தானை அழுத்தினாள். அதற்கப்புறம்தான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. அவர் பார்த்துவிட்டு, “நீ இப்படி அழுதா எனக்குப் படிக்க வராது” என்றார்.

“பரவால்ல, நீங்க படிங்க” என்றாள் அவள்.

நான் எழுந்து போய்ச் சமையலறையில் விழுந்து கிடந்த ஸ்பேனரை எடுத்துவைத்தேன். குழாய் அரைகுறையாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.